கேட்டுக்கு ஆள் வரும்வரை

எங்கள் பள்ளியில் மாணவர் தலைவிகளுக்குப் பொறுப்பாசிரியை என்று ஒரு வேலை உண்டு. யாருக்கும் வேண்டாத வேலை. ஜூன் மாதம் நடக்கும் முதல் ஸ்டாஃப் மீட்டிங்கில் சிஸ்டர் அந்தப் பேச்சை எடுத்ததும் எல்லா டீச்சர்களுக்கும் கைப்பைக்குள் அவசரமாக ஏதோ தேட வேண்டியிருக்கும். ஒரு வருடம் நான் குனியக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அன்றிலிருந்து அது என் தலையில்தான் இருக்கிறது.

சிஸ்டர் என்றால் எங்கள் தலைமையாசிரியை. பெண்கள் மேல்நிலைப் பள்ளி, தூத்துக்குடியில், கடலுக்கு ரொம்பப் பக்கம். ஆடிக் காற்றில் கரும்பலகையில் எழுதினால் சாக்பீஸ் தூளோடு மணலும் சேர்ந்து மூஞ்சியில் அடிக்கும். பிள்ளைகளில் பாதிப் பேர் திரேஸ்புரம் பக்கத்து மீன்பிடிக் குடும்பங்கள். நான் கடற்கரைக்காரி இல்லை. உடன்குடிப் பக்கம், பனங்காட்டு ஊர், அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. வேதியியல் படித்து, வேலை கிடைத்து, இங்கே வந்து வருடக்கணக்கில் ஆகிவிட்டது. ஆனாலும் கச்சான் காற்று எது, வாடை எது என்று இன்றைக்கும் பிள்ளைகளிடம்தான் கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லித் தருவார்கள். நான் மறந்துவிடுவேன்.

தலைவிகளுக்குப் பதவியேற்பு விழா எல்லாம் தடபுடலாக நடக்கும். தோளில் பட்டை, சட்டையில் பேட்ஜ், கையை நீட்டிக்கொண்டு உறுதிமொழி. பள்ளியின் மாண்பைக் காப்பேன், ஒழுக்கத்தைப் பேணுவேன் என்று என்னென்னவோ வரும். மறுநாள் காலையிலிருந்து அந்தப் பிள்ளைகள் செய்கிற வேலை வேறு. தாமதமாக வருகிறவளை கேட்டில் நிறுத்தி ஏன் என்று கேட்பது, சத்துணவு வரிசையில் ஆறாம் வகுப்புப் பொடிசுகள் ஒன்றையொன்று தள்ளாமல் பார்ப்பது, தண்ணீர்த் தொட்டிக் குழாயை மூடுவது, முதல் தடவை வயசுக்கு வந்து பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அழுகிறவளை மற்ற பிள்ளைகள் பார்க்காதபடி கூட்டிக்கொண்டு வருவது. டீச்சர்கள் நாங்கள் பாடம் நடத்துகிறோம். பள்ளிக்கூடத்தை நடத்துகிறவர்கள் அவர்கள்தான் என்று நான் ஒரு தடவை மீட்டிங்கிலேயே சொல்லி, சிஸ்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இதில் ஒரு வேலை மட்டும் உறுதிமொழியில் கிடையாது. பொறுப்பை என்னிடம் ஒப்படைத்த டீச்சர், பேட்ஜ் டப்பாவை என் கையில் வைத்துவிட்டு, மின்விசிறி ரிப்பேரைப் பற்றிச் சொல்வது போல அதைச் சொன்னார். கடலுக்குப் போன வள்ளம் நேரத்துக்குத் திரும்பவில்லை என்று செய்தி வந்தால், அந்த வீட்டுப் பிள்ளையிடம் பள்ளியில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. வீட்டிலிருந்து ஆள் கேட்டுக்கு வந்து கூப்பிடும்வரை பிள்ளை இங்கேயே இருக்க வேண்டும். அதுவரை அவளைச் சும்மா உட்கார விடக் கூடாது. தலைவி ஒருத்தியிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, பிள்ளையை அவள் பொறுப்பில் விட வேண்டும்.

எனக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. அப்பா உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத நேரத்தில் ஒரு பிள்ளையை ஏமாற்றி வைத்துக்கொள்வது என்ன நியாயம் என்று கேட்டேன். அந்த டீச்சர் கடற்கரைக் குடும்பத்துக்காரர். கோபப்படவில்லை. நிறைய வள்ளங்கள் இன்ஜின் பழுதாகி, காற்று இழுத்த இழுப்பில் வேம்பார் பக்கமோ கீழக்கரைப் பக்கமோ போய்க் கரை சேர்ந்துவிடும் என்றார். போனுக்கு சிக்னல் கிடைக்காது, அவ்வளவுதான் விஷயம். அதற்குள் வீட்டில் கூட்டம் கூடி ஒப்பாரி கிளம்பிவிடும். பிள்ளையை அனுப்பினால் அந்த நடுவில் போய் உட்காரும். சாயங்காலம் அப்பன் வந்து நிற்பான், ஆனால் பிள்ளை கண்டது கண்டதுதானே என்றார். அந்த வீட்டு அம்மாக்களே பள்ளிக்கு வந்து, நாங்க ஆள் அனுப்புத வரைக்கும் வச்சுக்கிடுங்க என்று எப்போதோ கேட்டுக்கொண்டார்களாம்.

பிறகு நானே பார்த்தேன். காலையில் பதறிப்போய் ஒரு பிள்ளையைத் தலைவியிடம் ஒப்படைப்போம். மதியம் போன் வரும், வந்துவிட்டார்கள் என்று. பிள்ளை ஒன்றும் தெரியாமல் சாயங்காலம் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகும். அதைப் பார்க்கும்போது இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர்களுக்குக் கோயில் கட்டலாம் போல இருக்கும். ஏன் டீச்சர் பார்த்துக்கொள்ளக் கூடாது என்று கேட்டால் அதற்கும் பதில் உண்டு. ஒரு டீச்சர் திடீரென்று பிரியமாகப் பேசினால் எங்கள் பிள்ளைகள் உடனே பயந்துவிடும்.

நான் சொல்ல வந்தது போன வருடத்துக்கு முந்தின வருடத்துத் தலைவியைப் பற்றி, எஸ்.பி.எல். என்றுதான் பள்ளியில் சொல்வோம். பன்னிரண்டாம் வகுப்பு, என் வகுப்புப் பிள்ளை. உயரம் கிடையாது, ஒல்லி, ஆனால் குரல் இருக்கிறதே, மைக் வேலை செய்யாத நாட்களில் பிரேயரை அவளை வைத்துத்தான் ஓட்டினோம். தேர்தலில் நின்றபோது மற்றவர்கள் எல்லாம் பள்ளியின் பெருமையைப் பற்றிப் பேச, இவள் கக்கூஸ் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் வாங்கித் தருவேன் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள். ஜெயித்ததும் சிஸ்டர் அறை வாசலில் தினமும் போய் நின்றாள். ஒன்றும் கேட்க மாட்டாள், குட்மார்னிங் சொல்லிவிட்டு நிற்பாள். சிஸ்டர் பொறுத்துப் பார்த்து, கடைசியில் தாழ்ப்பாள் வந்தது. அவள் அப்பாவுக்குச் சொந்த வள்ளம் கிடையாது, யார் கூப்பிட்டாலும் அவர்கள் வள்ளத்தில் போகிறவர். அம்மா மீன் விற்கிறவர், விடியும் முன்பே ஏலக்கூடத்துக்குப் போய்விடுவார். வீட்டுக்கு இவள்தான் மூத்தவள்.

அந்த வருடம் ஆடி முடியப்போகிற நேரம். சுதந்திர தினத்துக்கு அணிவகுப்புப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. காற்று என்றால் அப்படி ஒரு காற்று. முந்தின ராத்திரி எங்கள் வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி மூடி பறந்து தெருவில் விழுந்திருந்தது. நான் மூடியைத் தேடி எடுத்து, பஸ்ஸைப் பிடித்து, பிரேயருக்கு ஓடி வந்து சேர்ந்தேன். பிரேயர் முடிந்ததும் வாட்ச்மேன் அண்ணாச்சி என்னைத் தேடி வந்தார். அவருக்கு ஊர் செய்துங்கநல்லூர்ப் பக்கம். மீன் ஏலக்கூடத்தில் ஒரு பழக்கக்காரர் உண்டு, கடல் சேதி எல்லாம் அவர் போனில்தான் இவருக்கு வரும்.

முந்தின நாள் சாயங்காலம் வலைக்குப் போன வள்ளம் ஒன்று விடியற்காலையில் திரும்ப வேண்டியது, இன்னும் திரும்பவில்லையாம். யாருடைய வள்ளம் என்று பெயரைச் சொன்னார். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளையின் அப்பா. சொந்த வள்ளம், அவரே ஓட்டுகிறவர். கூடப் போன வள்ளங்கள் எல்லாம் வந்துவிட்டன, இது மட்டும் இல்லை. நாலு பேர் போயிருக்கிறார்கள் என்றார்.

சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டு, சரி, வழக்கம்போலச் செய்யுங்கள் டீச்சர் என்றார். வழக்கம்போல என்ற சொல்லை அவர் சொல்லும்போது முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தலைவி தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். யாரோ திறந்து போட்டுவிட்டுப் போன குழாய்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தாள். அந்த வருடத்தில் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளை இப்படிப் பார்த்துக்கொண்டவள் அவள், இரண்டு அப்பாக்களும் வந்துவிட்டார்கள். அதனால் நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறாளே அவள், அவளுடைய அப்பா வள்ளம் இன்னும் வரவில்லையாம், நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றேன்.

அவள் கை குழாயிலேயே இருந்தது. தண்ணீர் கொஞ்ச நேரம் சும்மா போயிற்று.

"எத்தன பேரு டீச்சர் போயிருக்காவ?"

"நாலு பேருன்னு சொல்லுதாவ."

குழாயை மூடினாள். பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "சரி டீச்சர்" என்று சொல்லிவிட்டு ஒன்பதாம் வகுப்புப் பக்கம் நடந்து போனாள். நானும் என் வகுப்புக்குப் போனேன்.

அந்த ஒன்பதாம் வகுப்புச் சின்னவளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாயாடி. மார்ச் பண்ணச் சொன்னால் வயிற்று வலி வந்துவிடும். பி.டி. டீச்சர் அவளைக் கடைசி வரிசையில் ஒளித்து வைத்திருந்தார். தலைவி நேராகப் போய், இன்றிலிருந்து நீதான் முன்னால் கொடி பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாளாம். அவ்வளவுதான், வயிற்று வலி போன இடம் தெரியவில்லை. நான் வேதிவினையின் வேகம் நடத்திக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மைதானத்தில் காற்று மணலை வாரி இறைக்கிறது. சின்னவள் ஒரு மூங்கில் கம்பில் சும்மா ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, ராணி கணக்காக முன்னால் வருகிறாள். பக்கத்தில் தலைவி. லெஃப்ட், ரைட் என்று அவள் போடும் சத்தம் எங்கள் மாடி வகுப்புவரை கேட்டது. அன்றைக்கு வழக்கத்தை விடக் குரல் ஓங்கி இருந்தது. பிள்ளை பொறுப்பாகத்தான் பார்க்கிறாள் என்று எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

ஸ்டாஃப் ரூமில் யாருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு, தெரிந்தவர்கள் எல்லோரையும் கூப்பிட்டோம். கரையிலிருந்து வள்ளங்கள் தேடப் போயிருக்கின்றன என்று ஒருவர் சொன்னார். கடலோரக் காவல்படைக் கப்பலும் போயிருக்கிறது என்று இன்னொருவர். ஒரு ஐஸ்பெட்டி மூடி மிதந்து வந்ததாம் என்று ஒரு சேதி, அது வேறு வள்ளத்து மூடி என்று அடுத்த சேதி. எங்கள் புவியியல் டீச்சர் பருவக்காற்றைப் பற்றி எத்தனையோ வருடமாகப் பாடம் நடத்துகிறார். அவரிடம் போய், இந்தக் காற்றில் ஒரு வள்ளம் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டேன். எனக்கு எப்படித் தெரியும் என்று சீறினார். அப்புறம் அவரே அழுதார். கணக்கு டீச்சர் ஜெபமாலையை எடுத்து மேஜைக்கு அடியில் உருட்டிக்கொண்டிருந்தார். நான் எங்கள் ஊர் அம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். படித்த மனுஷிகள் இத்தனை பேர் ஒரு அறையில் இருந்து என்ன பிரயோஜனம், ஒரு துரும்பைக்கூடத் தூக்கிப் போட முடியவில்லை. மணி அடித்தது, எழுந்து போய்ப் பாடம் நடத்தினோம். மறுபடி மணி அடித்தது, வந்து போனைப் பார்த்தோம்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பி.டி. டீச்சர் வந்து சொன்னார். சின்னவள் நன்றாகச் சாப்பிட்டாளாம். சத்துணவு முட்டை தன்னுடையது ஒன்று, தலைவி கொடுத்தது ஒன்று, இரண்டையும் தின்றாளாம். தலைவி சாப்பிடவில்லையா என்று கேட்டேன். இன்றைக்கு ஒருசந்தி என்று சொல்லிவிட்டாளாம். ஒருசந்தி என்றால் அவர்கள் இருக்கும் உபவாசம், பெரும்பாலும் வெள்ளிக்கிழமையில் இருப்பார்கள். அன்று புதன்கிழமை. எனக்கு அது உறைக்கவேயில்லை.

மதியத்துக்கு மேல் இரண்டாவது பீரியடில் எனக்கு வகுப்பு கிடையாது. வாட்ச்மேன் அண்ணாச்சி ஸ்டாஃப் ரூம் வாசலுக்கு வந்தார். வழக்கமாக வாசலிலேயே நின்று பேசுகிறவர், அன்று உள்ளே வந்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டீச்சர், தப்பாச் சொல்லிட்டானுவ. வள்ளக்காரன் கடலுக்கே போகலையாம். மணப்பாட்டுல அக்கா மகளுக்குக் கல்யாணம்னு போயிருந்திருக்கான். இப்பதான் ஓடி வந்து, வேற வள்ளத்துல ஏறித் தேடப் போறான்."

எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷம் பொங்கிற்று. சின்னவளின் அப்பா உயிரோடு இருக்கிறார். அப்புறம்தான் கேட்டேன், அப்படியானால் வள்ளத்தை ஓட்டிக்கொண்டு போனது யார் என்று. அண்ணாச்சி நாற்காலியின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"நம்ம எஸ்.பி.எல். பிள்ளை இருக்கால்லா" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை.

இது இங்கே மட்டும் நடக்கிற தப்பு. கடற்கரையில் வள்ளத்தைச் சொந்தக்காரர் பெயரை வைத்துத்தான் சொல்வார்கள். இன்னாருடைய வள்ளம் வரவில்லை என்று சொல்ல வேண்டியது, வாய்க்கு வாய் மாறி இன்னார் வரவில்லை என்று ஆகிவிடும். அவர்களுக்கு ஆடியிலும் கல்யாணம் உண்டு. தாய்மாமன் போகாமல் அது நடக்காது, அதற்காக வள்ளத்தையும் கரையில் கிடத்த முடியாது. ஆகவே பழக்கப்பட்ட ஒருவரைக் கூப்பிட்டு, நீ எனக்குப் பதிலாக ஓட்டிக்கொண்டு போ என்று அனுப்பியிருக்கிறார். கரையில் பாதிப் பேருக்கு அது தெரியாது. தெரிந்தவர்கள் தேடிக் கடலுக்குப் போய்விட்டார்கள். எங்கள் பள்ளியில் அது தெரிந்திருக்கக்கூடியது சின்னவள் ஒருத்திதான். எங்கப்பா கல்யாணத்துக்குப் போயிருக்காவ என்று ஒரே வரியில் சொல்லியிருப்பாள். ஆனால் அவளிடம்தான் நாங்கள் ஒன்றும் கேட்கக் கூடாதே. சின்னவள் ஒருத்திக்குத்தான் தெரியும் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிஸ்டர் அறைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். வழக்கம்போல என்று இந்தத் தடவை அவரால் சொல்ல முடியவில்லை. பிள்ளையைத் தலைவியிடம் ஒப்படைக்க வேண்டும், சரி, தலைவியை யாரிடம் ஒப்படைப்பது? துணைத்தலைவி இருக்கிறாள், ஆனால் அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாலே இவளுக்குத் தெரிந்துவிடும். இந்த வேலையின் நெளிவு சுளிவெல்லாம் இவளுக்கு அத்துப்படி. நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் டீச்சர் என்றார் சிஸ்டர். சொல்லிவிட்டு, முடியுமா என்றும் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். முடியும் என்று ஆட்டினேனா, முடியாது என்று ஆட்டினேனா, எனக்கே தெரியவில்லை.

மைதானத்துக்குப் போனேன். சின்னவள் களைத்துப்போய்ப் படியில் உட்கார்ந்து, கல்யாண வீட்டுக்குத் தன்னை மட்டும் கூட்டிக்கொண்டு போகவில்லை, பரீட்சை என்று பக்கத்து வீட்டில் விட்டுவிட்டார்கள் என்று தலைவியிடம் மூக்கால் அழுதுகொண்டிருந்தாள். தலைவி அவள் பின்னலை அவிழ்த்து, மறுபடி பின்னிக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றதும் இரண்டு பேரும் எழுந்தார்கள். சின்னவளை வகுப்புக்குப் போகச் சொன்னேன். தலைவியைப் பார்த்து, லேப்பில் கொஞ்சம் வேலை இருக்கிறது, வா என்றேன். என் குரல் எப்படி இருந்தது என்று எனக்கே கேட்டது. திடீரென்று பிரியமாகப் பேசுகிற டீச்சரின் குரல்.

லேப்பில் சோதனைக் குழாய்களைக் கழுவச் சொன்னேன். அவள் தொட்டிப் பக்கம் நின்று, ஒவ்வொன்றாக எடுத்து, பிரஷ்ஷை விட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். நான் பக்கத்தில் நின்று துடைத்தேன். பரீட்சைக்குப் படிக்கிறாயா என்று கேட்டேன். படிக்கேன் டீச்சர் என்றாள். வெளியே காற்று ஒரு ஜன்னலைப் போட்டு அடித்துக்கொண்டே இருந்தது. போய்க் கொண்டியை மாட்டிவிட்டு வந்தேன். வரும்போது அவள் ஒரு குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் நேத்து கழுவி வச்சதுதான டீச்சர்" என்றாள்.

அவள் குழாயை இறக்கி வைத்தாள்.

"உங்களுக்கும் தெரிஞ்சு போச்சா?"

மேஜையைப் பிடித்துக்கொண்டேன். அவள் என்னைப் பார்க்காமல், தொட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எங்கப்பாதான் வள்ளத்த ஓட்டிட்டுப் போயிருக்காவ. நேத்து சாயங்காலம் சோறு கட்டிக் குடுத்தது நான்தான். காலையில நீங்க சொல்லும்போதே தெரியும் டீச்சர்."

காலையிலிருந்து. குழாயை மூடியதிலிருந்து, கொடியைக் கொடுத்ததிலிருந்து, முட்டையைக் கொடுத்ததிலிருந்து. நாங்கள் எல்லாம் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அழுதுகொண்டும் ஜெபித்துக்கொண்டும் இருந்த நேரம் முழுக்க, இந்தப் பிள்ளை வெயிலில் நின்று லெஃப்ட் ரைட் போட்டுக்கொண்டிருந்தாள். ஏன்டி சொல்லவில்லை என்று கேட்டேன். கோபமாகத்தான் வந்தது. யார் மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"சொன்னா எனக்கு ஒருத்திய விட்டிருப்பீங்க. அவ சிரிக்கிறது எதுக்குன்னு எனக்குத் தெரியும்லா" என்றாள். கொஞ்சம் நிறுத்தினாள். "அவளப் பாத்துக்கிட்டே இருந்தேனா, அவளுக்குத்தான் என்னமோ ஆன மாதிரியும், எனக்கு ஒண்ணும் ஆகாத மாதிரியும் இருந்திச்சு."

நான் அவளைக் கட்டிப்பிடிக்கப் போனேன். அவள் ஒரு எட்டுப் பின்னால் போனாள். வேண்டாம் டீச்சர், அழுதுருவேன் என்றாள். அதனால் நின்ற இடத்திலேயே நின்றேன். என் முந்தானையை என்ன செய்வது என்று தெரியாமல் முறுக்கிக்கொண்டிருந்தேன்.

வீட்டிலிருந்து யாரும் வரவில்லைதானே என்று கேட்டாள். வரவில்லை என்றேன். இரண்டு மூன்று தடவை மாற்றி மாற்றிக் கேட்டாள். நானும் ஒவ்வொரு தடவையும் வரவில்லை என்றேன். வரவில்லையென்றால் ஒன்றும் ஆகவில்லை என்றுதானே அர்த்தம் என்றாள். முந்தின இரண்டு பிள்ளைகளுக்கும் அப்படித்தானே ஆயிற்று என்றாள். ஆமாம் என்றேன். ஏமாற்றுகிறோமே என்று வருடக்கணக்கில் எனக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்த அந்த வழக்கத்தை, இப்போது நானும் அவளோடு சேர்ந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

லாங் பெல் அடிக்க நேரமாகிவிட்டது. பெல் அடித்தால் எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தன் தெருவுக்கு இவளும் போக வேண்டும். அங்கே கூட்டம் நிற்கும், அது தூரத்திலேயே தெரியும். ஆள் வரும்வரை என்று சொன்னாலும் எங்கள் வழக்கம் பெல்வரைக்கும்தான். அதற்கு மேல் ஒரு பிள்ளையை வைத்துக்கொள்ள எங்களுக்கு வழி கிடையாது. அவள் பிரஷ்ஷைக் கழுவி, ஆணியில் மாட்டினாள். கேட்கவும் தயங்கி, கேட்காமல் இருக்கவும் முடியாமல் என்னைப் பார்த்தாள்.

"இன்னைக்கு ஸ்பெஷல் கிளாஸ் வைங்க டீச்சர்."

புதன்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் கணக்கு டீச்சருடையது. ஓடிப்போய் அவரிடம் கேட்டேன். அவர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை, எழுந்து என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார். வகுப்புக்குப் போய் இன்றைக்கு வேதியியல் என்று சொன்னதும் பிள்ளைகள் முனகினார்கள். அப்புறம் பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி பக்கத்திலிருந்தவள் காதில் ஏதோ சொன்னாள். அது அப்படியே பெஞ்சு பெஞ்சாக முன்னால் வந்து, தலைவி உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குப் பின்பெஞ்சோடு நின்றுபோயிற்று. எல்லோரும் நோட்டைத் திறந்தார்கள். ஸ்பெஷல் கிளாஸில் அவ்வளவு அமைதியை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

நடத்தினேன். என்ன நடத்தினேன் என்று கேட்காதீர்கள். காலையில் நடத்திய பாடத்தையே திரும்ப நடத்தினேன். ஒரு பிள்ளைகூட, இது நடத்தியாச்சு டீச்சர் என்று சொல்லவில்லை. கணக்கு ஒன்று கொடுத்தேன். தலைவிதான் முதலில் விடை சொன்னாள், விடை சரி. வெளியே மற்ற வகுப்புகளின் சத்தம் கேட்டில் தேங்கி, தெருவில் இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிற்று. இன்னொரு கணக்குக் கொடுத்தேன். பலகைப் பக்கம் நின்றால் ஜன்னல் வழியே கேட் தெரியும். அவள் இடத்திலிருந்து தெரியாது.

வாட்ச்மேன் அண்ணாச்சி கேட்டைத் திறந்ததைப் பார்த்தேன். ஒரு பெண் உள்ளே வந்தாள். தலைவியுடைய சித்தி. பேட்ஜ் குத்துகிற விழாவுக்கு அம்மாவுக்குப் பதிலாக வந்து, கை தட்டிவிட்டுப் போனவள்தான், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. காலில் செருப்பு இல்லை. சிஸ்டர் வராந்தாவிலிருந்து இறங்கி எதிரே போனார். சித்தி என்னவோ சொன்னாள். சிஸ்டர் அவளை அப்படியே சேர்த்துப் பிடித்துக்கொண்டார். எனக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நான் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அடுத்த கணக்கை எழுத ஆரம்பித்தேன். எழுதிக்கொண்டே இருந்தேன், பலகையின் ஓரம்வரை எழுதினேன், இடம் இல்லாமல் போனதும் மேலே எழுதியதை அழித்துவிட்டு எழுதினேன். காலடிச் சத்தம் வராந்தாவில் வந்து, வாசலில் நின்றது. டீச்சர் என்று சிஸ்டர் கூப்பிட்டார். மெதுவாகத்தான் கூப்பிட்டார். என்னால் திரும்ப முடியவில்லை.

பின்னால் ஒரு பெஞ்சு நகர்கிற சத்தம் கேட்டது. திரும்பினேன். அவள் எழுந்து நின்றிருந்தாள். நோட்டை மூடிப் பைக்குள் வைத்து, பையைத் தோளில் மாட்டியிருந்தாள். வாசலில் சித்தி நிற்கிறாள், சிஸ்டர் நிற்கிறார். அவள் அவர்களைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் சொல்லாமல் யாரும் வகுப்பை விட்டு வெளியே போகக் கூடாது என்பது எங்கள் பள்ளியில் சட்டம். அந்தச் சட்டத்தை எல்லா வகுப்பிலும் நின்று காப்பாற்றியவள் அவள்.

"போட்டுமா டீச்சர்?"

போ என்று நான் சொல்ல வேண்டும். சொல்கிறவரைக்கும் அவள் என் வகுப்பில் ஒரு பிள்ளை, கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள், அப்பா கடலுக்குப் போயிருக்கிறவள். அன்று முழுக்க நான் யாருக்கும் ஒன்றும் செய்யவில்லை. என்னால் செய்ய முடிந்த ஒரே காரியம் அந்தச் சொல்லைச் சொல்லாமல் நிற்பது. அதைத்தான் அவளும் கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. நின்றேன். சாக்பீஸ் கையில் இருந்தது. பிள்ளைகள் எல்லோரும் குனிந்திருந்தார்கள். வாசலில் சித்தி கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தாள்.

"போயிட்டு வாம்மா" என்றேன்.

"தேங்க் யூ டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.